அம்புக்குறி ஒழிப்புத் திட்டம்

ஆம்பூர் வட்டாரத்தில் நெடுங்காலமாகத் தீர்க்கப்படாமல் இருக்கும் பிரச்சினைகளில், வீடியோ கேமில் அம்புக்குறி இருக்கலாமா கூடாதா என்பதும் ஒன்று. பாலாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. பைபாஸ் ரோட்டைப் பற்றிப் பேசக் கட்சிகள் இருக்கின்றன. அம்புக்குறி மட்டும் கேட்க நாதியில்லாமல் கிடந்தது. அந்தக் குறையைப் போக்கவே "பாலாறு திறந்த உலக வீரர் பேரவை" என்ற வாட்ஸ்அப் குழு தோன்றியது. உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகை விளையாட்டில் பெரிய உலகம் ஒன்று உண்டு. மலை, காடு, ஊர், குதிரை, பூதம் எல்லாம் உண்டு. வீரன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம், இஷ்டப்பட்டவரிடம் பேசலாம். சில விளையாட்டுகளில், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஓர் அம்பு காட்டிக்கொண்டே வரும். சிலவற்றில் அம்பு கிடையாது. நாமே தேடி, நாமே தொலைந்து, நாமே பூதத்திடம் அடி வாங்க வேண்டும்.

இந்த விஷயத்தில் பேரவை இரண்டாக உடைந்திருந்தது. அம்புக் கட்சிக்கு ஜீவா தலைவன். தோல் வெட்டும் செக்‌ஷனில் வேலை. அம்பில்லாக் கட்சிக்கு இஃப்ரா தலைவி. அதே கம்பெனியில் குவாலிட்டி செக்கர். இருவரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து தினமும் சண்டை போடும் அளவுக்கு நெருங்கிய சிநேகிதர்கள்.

"ஆறு நாள் நின்னுக்கினே வேல செய்றவன், ஞாயித்துக்கெழமையும் ஒரு குகை எங்க இருக்குதுன்னு ஊர் ஊரா கேட்டுக்கினு அலையணுமா?" என்பான் ஜீவா.

"குகை முக்கியமில்ல ஜீவா, தேடறதுதான் முக்கியம். வழி சொல்லிட்டா அது உலகம் இல்ல, பஸ் ஸ்டாண்டு."

"பஸ் ஸ்டாண்டுல இன்னா கொறச்சல்? கரெக்டா வீட்டுக்குப் போயிடலாமே."

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு நாள், இஃப்ரா எழுத்தால் பதில் சொன்னாள். நான்கு பக்கம். 'அலைபவருக்கே உலகம் சொந்தம்' என்று தலைப்பு. "கேட்டவுடன் கிடைப்பது சரக்கு, தேடிக் கிடைப்பதே செல்வம்" என்று முதல் பக்கத்திலும், "வழி சொல்பவன் திருடன், அவன் நம் ஆச்சரியத்தைத் திருடுகிறான்" என்று மூன்றாம் பக்கத்திலும் போட்டுத் தாக்கியிருந்தாள். நூற்று நாற்பத்தோரு பேர் இதயம் போட்டார்கள். 'மறைந்த மாவீரன்' என்ற பெயரில் அதுவரை வாயே திறக்காமல் கிடந்த ஓர் உறுப்பினர், "கண்ணீர் வந்துவிட்டது" என்று எழுதினார். ஜீவா ஒரு வாரம் கேன்டீனில் வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

இந்த வெற்றி நடந்து ஒரு மாதத்துக்கெல்லாம் இன்னொரு நல்ல செய்தி வந்தது. சென்னையில் ஒரு பயிற்சிக் கல்லூரியில், காலணி வடிவமைப்புப் படிப்புக்கு இஃப்ராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆறு வருடமாக அடுத்தவர் செய்த ஷூவில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகத் தானே ஒரு ஷூ வரையப் போகிறாள். சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். இருப்பிடச் சான்று. முத்திரையோடு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் அடுத்த ஆள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வட்டாரச் சான்றிதழ் வழங்கு மையத்துக்குப் போனாள். வாசலில் வாட்ச்மேன் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இருப்பிடச் சான்று எந்த ரூம்ல தர்றாங்க?"

"இன்னைக்கு வெயில் ஜாஸ்திமா."

"ஆமாண்ணா. எந்த ரூமு?"

"இன்னைக்கு வெயில் ஜாஸ்திமா."

மூன்றாவது தடவையும் அதே வாக்கியம், அதே ராகம். விளையாட்டில் கோட்டை வாசல் காவலாளி இப்படித்தான் பேசுவான் என்பது நினைவுக்கு வர, இஃப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனாள். கூடத்தில் பெயர்ப் பலகை ஒன்றும் இல்லை. பலகை தொங்கிய ஆணிகள் மட்டும் இருந்தன. மேஜைகளில் நம்பர் இல்லை. சுவரில் ஒரே ஒரு கண்ணாடிச் சட்டம். அதில் பெரிய எழுத்தில்: "கேட்டவுடன் கிடைப்பது சரக்கு, தேடிக் கிடைப்பதே செல்வம். - ஓர் அறிஞர்."

அதன் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"சுற்றறிக்கை எண் 14. இம்மையத்தில் இதுகாறும் தொங்கவிடப்பட்டிருந்த பெயர்ப் பலகைகள், மேஜை எண்கள், திசைகாட்டும் அம்புக்குறிகள் யாவும், மனுதாரர் தாமே கண்டடையும் பேரின்பத்துக்கு இடையூறாக விளங்குவது கண்டறியப்பட்டு, உடனடியாக ஒழிக்கப்படுகின்றன. ஊழியர் எவரும் எவருக்கும் வழி கூறலாகாது. கூறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். - சீனிவாசன், துணை இயக்குநர் (அனுபவ மேம்பாடு)."

தன் வாக்கியத்தை அரசாங்கச் சுவரில் பார்த்த இஃப்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. அறிஞர் என்று வேறு போட்டிருக்கிறார்கள். சட்டத்தோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போடுபவரைத் தேடக் கிளம்பினாள்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவள் ஆற்றிய பணிகள் பின்வருமாறு. ஒரு கிளார்க்குக்கு மாடியிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுத்துவந்து கொடுத்தாள். அதற்கு அவர் ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தார். மஞ்சள் சீட்டைப் பார்த்த இன்னொரு கிளார்க், ரெக்கார்டு ரூமில் இருக்கும் பெருச்சாளியை விரட்டிவிட்டு வந்தால் பச்சைச் சீட்டு தருவதாகச் சொன்னார். விரட்டினாள். பச்சைச் சீட்டும் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாள்.

"அத நீங்களே கண்டுபிடிக்கணும்மா" என்றார் அவர், ரொம்பப் பெருமையாக.

பெஞ்சில் மரியம்மாள் உட்கார்ந்திருந்தார். மாதனூர்ப் பக்கம். இருபது வருஷம் கம்பெனியில் தையல் பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருப்பவர்.

"எத்தன நாளா வர்றீங்கக்கா?"

"இன்னையோட பதினோரு நாளு. நாலு கலரு சீட்டு வெச்சிருக்கேன். நீ?"

"ரெண்டு."

மரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "புதுசா?"

"இன்னா சான்றுக்கா உங்களுக்கு?"

"வருமானச் சான்று. பொண்ணு ஹாஸ்டல்ல சேர்றதுக்கு. அவ போன வாரமே சேந்துட்டா, சான்று இல்லாமலே எடுத்துக்கினாங்க."

"அப்புறம் ஏங்க்கா வர்றீங்க?"

"நாலு கலரு வாங்கிட்டு விட்டுட முடியுமா?" என்றார் மரியம்மாள்.

ஐந்து மணிக்கு மையத்தைப் பூட்டினார்கள். வீட்டுக்குப் போகும்போது, வடிவமைப்பு அருமை, ஆனால் கொஞ்சம் நீளம் என்று இஃப்ரா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முழு நாள் லீவு. ஜீவாவும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். உதவி செய்வதற்காக இல்லை, கண்ணாரப் பார்ப்பதற்காக. வாசலில் வெயிலைப் பற்றிக் கேட்டதிலிருந்தே அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ கேட்ட ஒலகம்தான? அனுபவி. இல்ல, ஒண்ணு செய். குரூப்புல ஒரே வரி போடு, 'அம்பு வேணும்'னு. எங்க மாமாதான் இங்க டீ சப்ளை. அவருகிட்ட கேட்டு அஞ்சு நிமிஷத்துல வழி வாங்கித் தர்றேன்."

"செத்தாலும் போட மாட்டேன்."

"ரைட்டு. பெருச்சாளி அந்தப் பக்கம் போச்சு."

இஃப்ரா பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். ஒரே மேஜைக்கு மூன்று தடவை போய் நின்றதும்தான் பையிலிருந்த ஸ்டிக்கர் ரோல் ஞாபகம் வந்தது. சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள். ஷூவில் பசைக் கறையோ கீறலோ தெரிந்தால், செக்கர் அந்த இடத்தைக் காட்டி இதில் ஒன்றை ஒட்டிவிடுவாள். ஒட்டினால் அந்த ஷூ பெட்டிக்குப் போகாது, ரிப்பேருக்குத் திரும்பிவிடும். ஆறு வருடப் பழக்கம் கையை நடத்த, விசாரித்து உதவாது என்று தெரிந்த ஒவ்வொரு மேஜையிலும் ஓர் அம்பை ஒட்டிக்கொண்டே போனாள். இனிமேல் அங்கே போய் நிற்க வேண்டாமே என்று தனக்காகத்தான் செய்தாள். ஆனால் கூடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிக்காரர்கள். அம்பைப் பார்த்ததும் ஒருவர்கூட விளக்கம் கேட்கவில்லை. ரிஜெக்ட் ஆன மேஜைக்கு எவன் போவான்? மதியத்துக்குள் பதினெட்டு மேஜைகளின் முன்னால் கூட்டமே இல்லாமல் போனது. அந்தப் பதினெட்டு மேஜை ஊழியர்களும் தங்கள் பணிக்காலத்தில் இப்படி ஒரு நிம்மதியை அனுபவித்ததில்லை. இந்தப் பொண்ணு தினமும் வர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்தொன்பதாவது மேஜை மாடியில் ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் இருந்தது. லியாகத் அலி என்ற வயதான அலுவலர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இருப்பிடச் சான்றுல கையெழுத்து போடறவரு யாருன்னு தெரியுமா?"

"தெரியலியேமா."

அங்கும் ஒன்று ஒட்டிவிட்டு இறங்கினாள். கீழே துணை இயக்குநர் சீனிவாசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஷூ கம்பெனி வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அம்பு, அம்பு, அம்பு. இஃப்ராவைத் தன் அறைக்கு அழைத்தார்.

"என் மையத்துல அம்பு! வெளியில சுவத்துல இருக்கற வாசகத்தைப் படிச்சீங்களா, இல்லையா?"

"அத எழுதினதே நான்தான் சார்."

சீனிவாசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "அலைபவருக்கே உலகம் சொந்தம். நாலு பக்கம். அது நீங்களா? மேடம், நான்தான் மறைந்த மாவீரன்."

இஃப்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ சொல்லுங்க சார், கையெழுத்து போடறவரு எங்க இருக்காரு? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் அனுப்பணும். இல்லன்னா என் காலேஜ் சீட்டு போய்டும்."

சீனிவாசன் புன்னகை செய்தார். "என்னைச் சோதிக்கறீங்க."

"இல்ல சார், நெஜமாத்தான் கேக்கறேன்."

"மூணாம் பக்கம், ரெண்டாவது பத்தி. வழி சொல்பவன் திருடன். நான் திருடனாகணுமா மேடம்?"

"அது கேமுக்கு எழுதினது சார்!"

"கேமுக்கு ஒரு நியாயம், ஜனங்களுக்கு ஒரு நியாயமா? அப்படி நினைச்சவங்க கையிலதான் இத்தனை நாளா நிர்வாகம் இருந்துச்சு."

 கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது என்று இஃப்ராவுக்குத் தோன்றிவிட்டது. "சார், நான் எழுதினது தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன். போதுமா?"

"கருத்து வாபஸ் விண்ணப்பமா? தாராளமா குடுக்கலாம். அதுக்குத் தனியா ஒரு மேஜை இருக்கு."

"எங்க?"

சீனிவாசன் மறுபடியும் புன்னகை செய்தார். அவள் வெளியே வரும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. "அந்த அம்புகளை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன் மேடம். எழுதினவங்க ஒட்டினது. அதுல ஏதோ ஆழமான பொருள் இருக்கும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஜீவாவும் அன்றைக்கு அதற்கு மேல் சிரிக்கவில்லை. மாமாவைத் தேடிப் போனான். மாமா அந்த வாரம் முழுக்கக் கல்யாணத்துக்காக ஆலங்காயம் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி மூன்று மணிக்குப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு மூன்றே முக்காலுக்கு மையத்துக்கு ஓடி வந்தாள். அங்கே ஜீவா காலையிலிருந்தே இருந்தான். கையில் ஒரு விண்ணப்பம், மூன்று கலர் சீட்டு.

"இன்னா ஜீவா இது?"

"வாரிசுச் சான்று."

"உங்கப்பா நல்லாத்தான இருக்காரு?"

"அது கடைசியில பாத்துக்கலாம். இப்போ நான் நீலச் சீட்டு வரைக்கும் வந்துட்டேன் தெரியுமா? அந்தப் பெருச்சாளிய சும்மா வெரட்டக் கூடாது, மேக்கால மூலையில மடக்கணும்." அம்புக் கட்சித் தலைவன் முகம் பளபளவென்று இருந்தது.

அவனோடு பேச நேரமில்லை. மரியம்மாளிடம் போனாள். அவர் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்த ரெக்கார்டு ரூம் பின்னாடி ஒரு பெரியவரு மேஜைல அம்பு ஒட்டிட்டியே, பாவம். நேத்துலேந்து ஒரு ஆளு போகல. பேஜாரா ஒக்காந்து வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து போட்டுப் பாத்துக்கினு இருக்காரு."

இஃப்ராவுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்தில் நல்ல உருப்படியை அவள் ரிஜெக்ட் செய்ததே கிடையாது. சூப்பர்வைசர் அதை மீட்டிங்கில் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

"சார், நீங்க கையெழுத்து போடுவீங்களா?"

"போடுவேனே" என்றார் லியாகத் அலி.

"நேத்து கேட்டேனே சார்!"

"கையெழுத்து போடறவரு யாருன்னு தெரியுமான்னு கேட்ட. அது வழி கேக்கறது. சுற்றறிக்கைல தடை இருக்குது. நீங்க போடுவீங்களான்னு கேக்கறதுக்குத் தடை இல்ல."

பத்து விநாடியில் கையெழுத்தைப் போட்டார். தாளை ஒருமுறை பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "அஸர் தொழுகைக்கு நேரமாச்சும்மா. நாலே முக்காலுக்கு வந்து சீல் போட்டுக் குடுத்துடறேன். பேப்பர் டிராயர்ல பத்திரமா இருக்கும்." டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மணி நாலே கால். கால் மணி நேரம் முன்னதாகவே எல்லாம் முடிந்துவிடும். இஃப்ராவின் மனசு லேசாகிவிட்டது. மனசு லேசானவர்கள் செய்யும் தவறை அவளும் செய்தாள். நல்லது செய்யலாம் என்று நினைத்தாள். கூடத்துக்கு வந்து பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! நான் எழுதினது தப்பு, ஒட்டினதும் தப்பு. கையெழுத்து மேஜை மாடில, ரெக்கார்டு ரூமுக்குப் பின்னாடி. லியாகத் அலின்னு பேரு. நேராப் போயி, நீங்க போடுவீங்களான்னு மட்டும் கேளுங்க. ரெண்டே நிமிஷம். சீட்டெல்லாம் ஒண்ணும் தேவையில்ல!"

கூடத்தில் ஜீவாவைத் தவிர அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது மரியம்மாள்.

"சீட்டு தேவையில்லியா? பதிமூணு நாளு. அஞ்சு கலரு. நேத்து வந்தவங்களும் நானும் ஒண்ணா?"

"அக்கா, சீக்கிரம் முடியட்டும்னுதான..."

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?" என்றார் ஒருவர். "இன்னும் ரெண்டு நாளுல நானே கண்டுபுடிச்சிருப்பேன். கெடுத்துட்டியே" என்றார் இன்னொருவர். காதைப் பொத்திக்கொண்டு நின்ற இரண்டு பேர், தாங்கள் பாதியிலேயே பொத்திக்கொண்டதாகவும், ரெக்கார்டு ரூமுக்குப் பின்னாடி என்பதைக் கேட்கவில்லை என்றும் மற்றவர்களிடம் சத்தியம் செய்தார்கள்.

அங்கேயே மனு தயாரானது. "வழி அறிவிப்பால் பாதிக்கப்பட்ட பொதுமக்களின் முறையீடு" என்று ஜீவா அழகான கையெழுத்தில் எழுதினான். அறுபத்துமூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை எங்கே கொடுப்பது என்று ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. நேராகச் சீனிவாசன் அறைக்குப் போனார்கள். இஃப்ரா எதிர்மனுதாரர் என்பதால் அறைக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டாள்.

மையத்தின் வரலாற்றில் பத்தே நிமிடத்தில் தீர்க்கப்பட்ட முதல் மனு அதுதான். சீனிவாசன் கண்ணீர் மல்க ஆணையைப் படித்தார். "பொதுமக்கள் தாங்கள் கண்டடையும் உரிமைக்காகத் தாமே திரண்டெழுந்த இந்நன்னாளில், கையொப்ப மேஜை உடனடியாக வேறோர் இடத்துக்கு மாற்றப்படும். எவ்விடம் என்பது எனக்கும் தெரிவிக்கப்படலாகாது." ஜீவாவும் கோவிந்தசாமியும் தூக்கிப் போக முன்வந்து, பின்பக்கக் கதவு வழியாக ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். அறைக்குள் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. சான்றிதழ் வாங்கத்தான் வந்தோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கைதட்டலுக்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்ட இஃப்ரா மாடிக்கு ஓடினாள். ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. தலைதெறிக்கக் கீழே வந்தாள். தொழுகை முடிந்து லியாகத் அலி சாவியும் கையுமாக எதிரில் வந்தார்.

"மேல போய்ப் பாத்தேன்மா. என் மேஜை எங்க?"

கூட்டத்தோடு அறையை விட்டு வெளியே வந்த சீனிவாசன் கையை விரித்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஜீவா கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு வந்தான். இஃப்ரா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"ஜீவா, மேஜைய எங்க வெச்சீங்க? டிராயர்ல என் பேப்பர் இருக்குது. பத்து நிமிஷந்தான் இருக்கு."

ஜீவாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. டிராயரைப் பற்றி அவனுக்குத் தெரியாது. சொல்வதற்கு வாயைத் திறந்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். அறுபத்துமூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மரியம்மாள், ஐந்து கலர் சீட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தோஸ்த்து, தப்பா எடுத்துக்காத" என்றான் மெல்ல. "இத்தன பேரு கைதட்டினாங்க. இப்போ சொன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளிய நடமாடறது?"

இஃப்ரா அவன் சட்டையை விட்டாள். ஒரு விநாடி சுற்றுமுற்றும் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கேயாவது ஓடித்தானே ஆக வேண்டும், மாடிப்படியைப் பார்த்து ஓடினாள்.

"மேடம் போறாங்க!" என்று கத்தினார் சீனிவாசன். "எழுதினவங்க அவங்க. அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

அறுபத்துமூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள். சீனிவாசனும் ஓடினார். லியாகத் அலி சாவியோடு ஓடினார். ஓடாமல் நின்றவர்கள் ஜீவாவும் கோவிந்தசாமியும் மட்டும்தான். மேஜை மாடியில் இல்லை என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.